நெகட்டிவில் நாலாவது படம்

கண்ணகி இறந்து பதினோராவது மாதத்தில் அவளுடைய படம் வீட்டுக்கு வந்தது. ஒன்றரை அடி உயரம், தங்க நிற ஓரம் வைத்த சட்டம், உள்ளே சிவப்புப் புடவையில் சிரித்தபடி ஒரு பெண். ஓசூரில் செல்போன் கம்பெனியில் வேலை செய்கிற மகள் இலக்கியா இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் செய்து வாங்கி வந்து, தானே ஆணி அடித்து மாட்டினாள். நாற்காலியிலிருந்து இறங்கி, "எப்படிப்பா இருக்குது?" என்றாள்.

"நல்லா இருக்குதுமா" என்றார் மாயவன்.

அது கண்ணகி இல்லை.

புடவை அவளுடையதுதான். கல்யாணமான புதிதில் கட்டிய புடவை. மூக்குத்தியும் சரி. ஆனால் முகம் வேறு யாருடையதோ. பளிங்குபோல் வழவழப்பாக இருந்தது. கண்கள் பெரிதாகத் திறந்து எதிரில் இருப்பவரையே பார்த்தன. கண்ணகிக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு உண்டு, அந்த இடத்தில் முடி முளைக்காது. படத்தில் புருவம் மையால் வரைந்த மாதிரி முழுசாக ஓடியது.

பழைய நெகட்டிவை ஸ்டூடியோக்காரர் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து செல்போனில் எடுத்ததாகவும், முகம் கலங்கலாக வந்ததால் ஏதோ ஓர் ஆப்பில் போட்டுத் தெளிவாக்கிக் கொடுத்ததாகவும் இலக்கியா சொல்லியிருந்தாள். வேறு வழியும் இல்லை. கண்ணகிக்குப் படமே கிடையாது. கல்யாண ஆல்பம் ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டது. அதற்கப்புறம் யார் போனைத் தூக்கினாலும் கண்ணகி முந்தானையால் முகத்தை மறைப்பாள், இல்லாவிட்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள். ஆதார் அட்டையில் இருப்பது கரிக்கட்டை மாதிரி ஒரு படம்.

இலக்கியா ஓசூருக்குத் திரும்பிப் போனாள். வடக்கனந்தல் வீட்டில் மாயவனும் அந்தப் படமும் மட்டும் இருந்தார்கள். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம், "இன்னா லட்சணமா இருக்குது பாரு கண்ணகி" என்றார்கள். மாயவன் தலையை ஆட்டினார். கூடத்தில் வெறும் உடம்போடு சோறு சாப்பிட்டுப் பழகியவர், இப்போது துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். வேற்றுப் பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தில் எப்படி இருப்பாரோ அப்படி. நாலு நாள் போனதும் தட்டை எடுத்துக்கொண்டு படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். பிறகு கொல்லைப் பக்கம் போய்ச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து மகளுக்குப் போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம் என்பதால் இலக்கியா பதறிவிட்டாள்.

"இன்னாப்பா, உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லமா. அந்த பிலிமு எங்க வச்ச?"

"பீரோவுல ரேஷன் கார்டு கவருக்குள்ள இருக்குது. எதுக்குப்பா?"

"சும்மாத்தான்" என்று வைத்துவிட்டார்.

கவருக்குள் வெள்ளைத் தாளில் மடித்து ஒரு நெகட்டிவ் துண்டு இருந்தது. வாசலில் நின்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நாலு படங்கள். முதலாவதில் ஒரு பைக். இரண்டாவதில் அருவி. மூன்றாவதில் இரண்டு பேர் நிற்கிறார்கள், முகம் கறுப்பாக, தலைமுடி வெள்ளையாக. நாலாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் ஆரஞ்சுத் தாள் மாதிரி இருந்தது.

இந்தப் படங்களை எடுத்தது லூர்துராஜ். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவர்கள். லூர்துராஜ் படித்து வாத்தியாராகி, கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் வேலைக்குப் போனான். மாயவன் அப்பாவின் நிலத்துக்குப் போனார். கல்யாணம் முடிந்த அடுத்த மாதம், புரட்டாசியில், லூர்து அழைத்தான் என்றுதான் மாயவன் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அருவியில் குளித்தார்கள், படம் எடுத்தார்கள். மாயவனுக்கு அது அவருடைய வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள்களில் ஒன்று. லூர்து படத்தைப் பிரிண்ட் போட்டு, நெகட்டிவிலிருந்து அந்தத் துண்டையும் வெட்டிக் கையோடு கொடுத்தான். பிரிண்டும் ஆல்பத்தோடு போயிற்று. நட்பும் அதன்பின் கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வதோடு சுருங்கி, பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாயவன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனார். மாதா கோயில் பக்கத்துத் தெரு என்று மட்டும் தெரியும். இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்த லூர்துராஜ் கதவைத் திறந்து, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "டேய் மாயா" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"கண்ணகி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாதுடா. போன மாசந்தான் ஒருத்தர் சொன்னாரு. வரணும்னு நெனச்சன். இவ்ளோ நாள் கழிச்சி எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றதுன்னு…"

"பரவால்லடா" என்றார் மாயவன். "திடீர்னுதான் போச்சி. மரவள்ளிக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்துச்சி. தல வலிக்குதுன்னு வரப்புல உக்காந்துச்சி, அவ்ளோதான். மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சின்னாங்க."

லூர்துராஜின் மனைவி ரீத்தா டீ கொண்டுவந்தாள். வந்த காரியத்தை மாயவன் சொன்னார். ஸ்டூடியோவில் போட்ட படத்தைத் தன் போனில் காட்டினார். லூர்துராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது கண்ணகி இல்லயே."

பதினைந்து நாளாக இதை இன்னொருவர் வாயால் கேட்பதற்காகத்தான் மாயவன் காத்திருந்தார்போல.

"ஆப்பு அப்படித்தாண்டா பண்ணும். முகம் தெரியலன்னா அதுவா ஒரு முகத்த வச்சிடும்" என்றார் லூர்துராஜ். "பிலிமு துண்ட எடு, பாக்கலாம்."

லூர்துராஜின் அறையில் மேசைமேல் ஒரு ஸ்கேனர் இருந்தது. அலுவலகங்களில் இருப்பது போன்றதுதான், ஆனால் அதன் மூடிக்குள்ளும் ஒரு விளக்கு. மலைப் பள்ளிக்கூடத்தில் அவர் வருடா வருடம் எடுத்த பிலிம்களை எல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். "நெகட்டிவுக்கு வெளிச்சம் பின்னால இருந்து வரணும். டியூப்லைட்டுல பிடிச்சா கோடு கோடா விழும்" என்றார்.

துணிக் கையுறை போட்டுக்கொண்டு துண்டின் ஓரத்தை மட்டும் பிடித்தார். ரப்பர் குமிழ் ஒன்றை அமுக்கி இரண்டு பக்கமும் காற்றடித்தார். சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார். "ஒரு தூசி இருந்தா ஸ்கிரீன்ல ஆட்டுப்புழுக்கை மாதிரி தெரியும்." பளபளப்பான பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று பார்த்து, அதற்கான பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தினார். துண்டு நடுவில் வளைந்து எழும்பியது. "வளஞ்சா நடுவுல கலங்கிடும். கொஞ்ச நேரம் வெயிட்டு வைக்கணும்" என்று அதை வெள்ளைத் தாளுக்கிடையில் வைத்து, மேலே மூன்று தடித்த புத்தகங்களை அடுக்கினார்.

அது நேராகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ரீத்தா வாசலில் சாய்ந்தபடி, கீரைக்காரி ஏமாற்றியதையும், சாமியார் பிரசங்கத்தை இழுத்ததையும், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். லூர்துராஜ் "ம்", "அப்பறம்", "அவன் அப்படித்தான்" என்று ஈடு கொடுத்தார். அவர் கேட்கவில்லை என்று நினைத்து அவள் நிறுத்தினால், "சொல்லு, குட்டி எத்தன?" என்றார். மாயவன் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணகி அவரிடம் இப்படி நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னது எப்போது என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

மதியம் தாண்டித்தான் ஸ்கேன் செய்தார்கள். "எல்லா ஆட்டோமேட்டிக்கையும் அணைச்சிட்டன். மிஷினு அழகு பண்றன்னு எதுவும் பண்ணக்கூடாது" என்று சொல்லிவிட்டு, லூர்துராஜ் மூன்றாவது படத்தைப் பெரிய அளவில் எடுத்தார். விளக்கு ஆமை மாதிரி நகர்ந்தது. திரையில் படம் மேலிருந்து கீழாக இறங்கியது. முதலில் நீலமும் பச்சையுமாகக் கலங்கிக் கிடந்தது. லூர்துராஜ் நிறத்தைச் சரிசெய்யச் செய்ய, பாறை பாறையாயிற்று, புடவை சிவப்பாயிற்று. இருபத்தாறு வயது மாயவன் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கண்ணகி.

லூர்துராஜ் முகத்தைப் பெரிதாக்கினார். புருவத்தில் தழும்பு இருந்தது. மேலுதட்டில் வியர்வையோ அருவிச் சாரலோ பொட்டுப் பொட்டாக. கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

"அடடா" என்றார் லூர்துராஜ். "மூடிட்டாளா? அதான் ஆப்பு கண்ணத் தெறந்து வச்சிருக்குது."

மாயவனுக்கு எல்லாம் ஒரேயடியாக நினைவு வந்தது. கல்யாண ஆல்பத்திலும் அவள் பாதிப் படங்களில் கண்ணை மூடியிருந்தாள். பிளாஷ் அடித்தால் மூடிவிடுவாள். ஆல்பம் வந்த அன்று வீடே சிரித்தது. "பொண்ணு தூங்கிக்கினே தாலி வாங்கிக்கிச்சி" என்று யாரோ சொன்னார்கள். மாயவனும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம்தான் அவள் படமே வேண்டாம் என்று ஒதுங்கியது. கூச்சம் என்றுதான் இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார்.

"இது போதும்டா. இதான் அவ" என்றார்.

"நாலாவது ஒண்ணு இருக்குதே" என்றாள் ரீத்தா, நெகட்டிவைக் குனிந்து பார்த்து.

"அது தேறாது. வெளிச்சம் பத்தல, பிலிமுல ஒண்ணுமே விழல. அன்னிக்கே பிரிண்ட் போடல."

"போட்டுத்தான் பாருங்களேன். கரண்டு நம்ம கரண்டுதான?"

லூர்துராஜ் முணுமுணுத்துக்கொண்டே நாலாவதைப் போட்டார். முதல் தடவை திரை முழுக்கச் சாம்பல். ஒரே இடத்தை எட்டு முறை படித்துச் சேர்க்கும்படி மாற்றி மறுபடி ஓட விட்டார். அது முடியக் கால் மணி ஆயிற்று. பிறகு இருட்டுப் பக்கத்தையும் வெளிச்சப் பக்கத்தையும் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். சாம்பலுக்குள்ளிருந்து ஏதோ எழுந்தது. நடுவில் வெள்ளையாக, ஆவி மாதிரி ஓர் உருவம்.

"தோ, நீதாண்டா! அருவிக்கடியில நின்னுக்கினு 'எடுடா எடுடா'ன்னு கத்தன. உன்னத்தான் எடுத்தன். பொழுது எறங்கிடுச்சி, ஆடிப் போச்சி" என்றார் லூர்துராஜ். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

வலது மூலையில், தண்ணீரிலிருந்து தள்ளி, ஒரு பாறைமேல் கண்ணகி உட்கார்ந்திருந்தாள். அவள் அசையாமல் இருந்ததால் அவள் மட்டும் கலங்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். மடியில் மாயவனுடைய சட்டை, வேட்டி எல்லாம் மடித்து வைத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. அருவியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. மரங்கள் இருந்த பக்கம் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழவில்லை. கோபமும் இல்லை. பேச ஒருவரும் இல்லாத இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவரின் முகம் அது. மாயவனுக்கு அந்த முகம் பழக்கம். பதினோரு மாதமாக, சவரம் செய்யும்போது கண்ணாடியில் அதைத்தான் பார்க்கிறார்.

"எவ்ளோ நேரம்டா குளிச்சோம் அன்னிக்கி?" என்று கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும். ஜாஸ்தியே இருக்கும்."

"அது குளிக்கலயா?"

லூர்துராஜ் யோசித்தார். "கூப்பிட்ட மாதிரி ஞாபகம் இல்லடா. நாம ரெண்டு பேருந்தான…" என்று இழுத்து நிறுத்தினார்.

ரீத்தா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்க முடியாதா?"

"இதுக்கு மேல ஏத்தனா பொடிப்பொடியா ஒடஞ்சிடும் மாயா. பிலிமுல இருந்தது இவ்ளோதான். மிச்சத்த நாமளா வரஞ்சாதான் உண்டு."

"வேணாம்" என்றார் மாயவன்.

இரண்டு படங்களையும் லூர்துராஜ் அவர் போனுக்கு அனுப்பினார். "படமா அனுப்புனா வாட்ஸாப் நசுக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பறன், நீயும் அப்படியே அனுப்பு" என்று எப்படி என்பதையும் காட்டிக் கொடுத்தார். நெகட்டிவைப் புதிய உறையில் போட்டுத் தந்தார். வாசல்வரை வந்து, "அடிக்கடி வாடா" என்றார். மாயவன் "வரன்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கச்சிராயபாளையம் வரைக்கும் நாலாவது படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தன் துணியை அவள் எப்படி மடித்து வைத்திருந்தாள் என்பதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஈரம் படாமல் இருக்க மடியில் வைத்திருக்கிறாள். குளித்துவிட்டு வந்து அந்தச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டபோது அவளிடம் ஏதாவது பேசினோமா என்று எவ்வளவோ முயன்றும் நினைவு வரவில்லை. அருவிச் சத்தமும் லூர்துவின் சிரிப்பும்தான் நினைவில் இருந்தன.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மகளுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"யாருப்பா இத எடுத்துக் குடுத்தது? லூர்து மாமாவா? அம்மா புருவம் தெரியுதுப்பா." மூச்சு வாங்கினாள். "ஆனா கண்ணு மூடியிருக்குதே, இத எப்படி மாட்டறது?"

"இலக்கியா, மாட்டியிருக்கிறது உங்கம்மா இல்லமா."

மனம் நொந்துவிட்டாளோ என்று மாயவன் பயந்தார்.

"எனக்கும் தெரியும்பா" என்றாள் மெதுவாக. "ஸ்டூடியோவுல கையில வாங்கும்போதே தெரியும். எங்கிட்ட வேற இல்ல. நானு இன்னா பண்ணுவன்?"

"நாலாவது படத்தப் பாத்தியா?"

"பாத்தன்."

"உங்கம்மா எங்கூட சந்தோஷமா இருந்துச்சாமா?"

"இன்னாப்பா இப்ப வந்து…"

"சொல்லு. எனக்குத் தெரியல, அதான் கேக்கறன்."

இலக்கியா தங்கியிருக்கும் ஹாஸ்டலில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா உங்களக் குத்தம் சொன்னதே இல்லப்பா. குடிக்க மாட்டீங்க, அடிக்க மாட்டீங்க. ஆனா வருவீங்க, சாப்பிடுவீங்க, படுத்துடுவீங்க. சொவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குதுடின்னு ஒரு தடவ சொல்லிச்சி. அப்பறம் அதுவே, போவுது போ, பழகிப் போச்சின்னு சொல்லிச்சி." கொஞ்சம் நிறுத்தினாள். "தெனம் நாலு மணிக்கு எனக்குப் போன் பண்ணும். ஷிப்ட் முடிஞ்சி கம்பெனி பஸ்ஸுல ஏறுவன், கரெக்டா அடிக்கும். ஹாஸ்டல்ல எறங்குற வரைக்கும் பேசும். இப்ப பஸ்ஸுல எல்லாரும் போன்ல பேசிக்கினு வராங்க. நானு ஜன்னலப் பாத்துக்கினு வரன்."

மாயவன் நாலு மணிக்கு எப்போதும் நிலத்தில்தான் இருப்பார். அந்த நேரத்தில் கண்ணகி வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"தெரியாதுமா எனக்கு" என்றார்.

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்பா" என்றாள்.

வருஷப் படையலுக்கு முந்தின நாள் இலக்கியா வந்தாள். மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, பின்பலகையைப் பிரித்து, கள்ளக்குறிச்சியில் போட்டுவந்த புதிய பிரிண்டை அதே சட்டத்தில் வைத்தாள். மூன்றாவது படத்தில் கண்ணகி நின்ற பக்கத்தை மட்டும் வெட்டிப் போட்டது. நைனார்பாளையத்திலிருந்து வந்த கண்ணகியின் சித்தப்பா, "கண்ணு மூடன படத்தையா வைப்பாங்க? முன்ன இருந்தது எவ்ளோ நல்லா இருந்துச்சி" என்று வாசலில் நின்று குறைப்பட்டுக்கொண்டார். மாயவன் மாலையைச் சரிசெய்தார். படையல் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். நாலாவது படத்தை அப்பாவும் மகளும் யாருக்கும் காட்டவில்லை.

மறுநாள் காலை இலக்கியா ஓசூர் போனாள். அதற்கு மறுநாள், மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த மாயவன் இரண்டு முறை நேரம் பார்த்தார். நாலாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறிப் போனை எடுத்தார்.

"அப்பா?" பின்னால் பஸ் இரைச்சல். "இன்னாப்பா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணியும் இல்ல. பஸ் ஏறிட்டியா?"

"ஏறிட்டன்."

"சீட்டு கெடச்சிதா?"

"கெடச்சிதுப்பா."

அதற்குமேல் மாயவனுக்கு ஒன்றும் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் வைத்துவிடுவாளோ என்று இருந்தது.

"இன்னா பேசறதுன்னு தெரியலமா" என்றார் கடைசியில்.

"எதுனா சொல்லுங்கப்பா. அம்மா கோழி இன்னா பண்ணிச்சின்னு கூட சொல்லும்."

மாயவன் சுற்றும் முற்றும் பார்த்தார். கோமுகி வாய்க்காலில் தண்ணீர் கம்மியாக ஓடியது. மலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. வரப்போரமாக ஒரு கொக்கு அவரைக் கண்டும் பறக்காமல் நின்றது.

"ஒரு கொக்கு நின்னுக்கினு இருக்குது" என்றார். "காலையிலிருந்து இங்கயே சுத்துது. ஒரு காலு நொண்டுது போல."

"அப்பறம்?" என்றாள் இலக்கியா.

மாயவன் வரப்பில் உட்கார்ந்து, கொக்கு எந்தக் காலை ஊன்றுகிறது என்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.